கூகுள் சமர் ஒஃப் கோட்: யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிப்பவருக்கு ஒரு மதிப்பீடு

திறமூல மென்பொருளுக்கு, அதாவது நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருளுக்கு, புதியவர்களைக் காசு கொடுத்துச் சேர்க்கும் திட்டங்களில் மிகப் பெயர்பெற்றது கூகுள் சமர் ஒஃப் கோட். சுருக்கமாக ஜீசொக். 2005இல் 40 அமைப்புகளும் 400 மாணவர்களுமாகத் தொடங்கியது. 2025இல் 185 அமைப்புகள், 1,280 பேர். யாழ் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் படிக்கும் பிள்ளைகள் மார்ச் மாதம் வந்ததும் கேட்பது ஒன்றைத்தான்: இதற்கு மினக்கெடலாமா?

மினக்கெடலாம். ஆனால் மார்ச்சில் தொடங்கினால் பயனில்லை. அதற்கு முந்திய ஒக்ரோபரிலேயே தொடங்க வேண்டும். இந்த ஐந்து மாத வித்தியாசத்தில்தான் தெரிவாகிறவரும் தவறுகிறவரும் பிரிகிறார்கள். ஆட்களைத் தெரிவு செய்கிறவர்கள் எதற்காகத் திறமூலத்தில் வேலை செய்கிறார்கள் என்பது விளங்கினால் இதன் காரணமும் விளங்கும்.

முதலில் காசுக் கணக்கு. வேலை மூன்று அளவில் வரும்: 90 மணித்தியாலம், 175 மணித்தியாலம், 350 மணித்தியாலம். கொடுப்பனவு நாட்டின் கொள்வனவுச் சக்தியைப் பொறுத்து மாறும். சிறியதற்கு 750 முதல் 1,650 டொலர், நடுத்தரத்துக்கு 1,500 முதல் 3,300, பெரியதற்கு 3,000 முதல் 6,600. இலங்கையிலிருந்து விண்ணப்பிப்பவர் கீழ் எல்லையை வைத்தே கணக்குப் போட வேண்டும். டொலர் 300 ரூபாய் என்று கொண்டால் பெரிய வேலைக்கு ஏறத்தாழ ஒன்பது இலட்சம். இடைக்கால மதிப்பீட்டில் தேறினால் 45 வீதம், முடிவில் மீதி 55 வீதம். இடைக்காலத்தில் தவறினால் அதோடு சரி, ஒரு சதமும் வராது.

ஒன்பது இலட்சம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025இல் விண்ணப்பித்தவர்கள் 15,240 பேர்; ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற விகிதம். தெரிவாவதற்கு முன் செலவழியும் மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. காசை மட்டும் எண்ணி வருபவருக்கு இந்தக் கணக்கு சரிவராது. அதே மாதங்களில் ஒரு சிறிய வணிகத் தளம் கட்டிக் கொடுத்தால் நிச்சயமான வருமானம் இருக்கும். இதைத் தொடக்கத்திலேயே அறிந்து வருவது நல்லது, ஏனென்றால் காசுக்காக மட்டும் வந்த விண்ணப்பத்தை வழிகாட்டிகள், அதாவது ஆளைத் தெரிவு செய்து வேலையைத் திருத்தும் அந்தந்த அமைப்பின் நிரலாளர்கள், முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வழிகாட்டிக்குக் கூகுள் சம்பளம் தருவதில்லை. ஒரு பங்களிப்பாளருக்கு 500 டொலர் என்ற கணக்கில் அமைப்புக்குத்தான் போகும். தன் வேலை முடித்து, இரவில் ஒரு புதியவரின் நிரலை வரி வரியாகப் பார்த்துத் திருத்தும் மனிதர் எதற்காக அதைச் செய்கிறார்? 2005இல் வெளியான கரீம் லகானி, ரொபேர்ட் வூல்ஃப் ஆகியோரின் ஆய்வு 287 திட்டங்களைச் சேர்ந்த 684 நிரலாளர்களிடம் கேட்டது. அறிவுக்குச் சவாலாக, படைப்பூக்கம் தருவதாக அந்த வேலை இருப்பதுதான் வலுவான உந்துதலாக வந்தது. அதே ஆய்வில் ஏறத்தாழ 40 வீதத்தினர் அந்த வேலைக்குச் சம்பளமும் பெற்றவர்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். காசும் விருப்பும் ஒன்றையொன்று துரத்துவதில்லை; ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும்.

வழிகாட்டியிடம் இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: களைப்பு. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த மறையாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர் நன்கொடைதான் வந்துகொண்டிருந்தது என்பது தெரியவந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் பின்கதவு, அதாவது களவாக உள்ளே நுழையும் வழி, கண்டுபிடிக்கப்பட்டது. களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரிடம், உதவ வந்தவர்போல இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் வைத்தது அது. ஒரு மென்பொருளைத் தாங்குகிறவர் ஒருவரோ இருவரோதான் என்ற நிலையில், அவருக்கு வேண்டியது தோள் கொடுக்க இன்னொருவர். ஜீசொக் அமைப்புகள் விண்ணப்பத்தில் தேடுவது அந்த ஆளைத்தான். நவம்பருக்குப் பிறகும் இவர் இருப்பாரா என்பதே அவர்கள் மனதிலுள்ள கேள்வி. அதற்கு எழுத்தில் வாக்குறுதி கொடுத்துப் பயனில்லை. ஒக்ரோபரிலிருந்து, மென்பொருளின் நிரல் வைக்கப்பட்டுள்ள களஞ்சியத்தில் தெரியும் வேலைதான் பதில்.

ஆகவே அமைப்பைத் தேர்வதில்தான் பாதி வெற்றி. பலர் செய்யும் பிழை, பட்டியலில் பெயர்போன அமைப்பைப் பிடிப்பது. அங்கே ஒரே யோசனைக்கு நூறு பேர் நிற்பார்கள். நீங்களே பாவிக்கும், குறை கண்டு எரிச்சல்பட்ட மென்பொருளைப் பிடியுங்கள். தமிழில் கணினியைப் பாவிக்கிறவருக்கு அப்படிப்பட்ட எரிச்சலுக்குப் பஞ்சமில்லை, அந்த எரிச்சல் ஐரோப்பாவிலிருக்கும் வழிகாட்டிக்குத் தோன்றவும் மாட்டாது.

ஓர் உதாரணம். ‘கொ’ என்ற எழுத்தை யூனிக்கோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ொ என்ற ஒற்றைக் குறி. அல்லது க-வுக்குப் பின் ெ, பிறகு ா. திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடும்போது வேறு வேறு. என்எஃப்சி என்ற இயல்பாக்கம் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நூலகம் எண்ணிம நூலகம் இயங்கும் மீடியாவிக்கி, உள்ளீட்டை என்எஃப்சிக்கு மாற்றித்தான் சேமிக்கிறது, ஆகவே அங்கே இது தீர்ந்துபோன பிரச்சினை. ஆனால் ‘ஸ்ரீ’ அப்படித் தீராது. ஸ-வைக் கொண்டு எழுதியதும், 2005இல் யூனிக்கோடில் சேர்ந்த ஶ-வைக் கொண்டு எழுதியதும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவமாகத் தோன்றும்; இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியதும் அப்படியே. யூனிக்கோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை மாற்றும்போது இந்த வழுக்கள் கூட்டமாக வந்து சேரும். தேடல் நிரல் எதையாவது எடுத்து, இந்த மூன்றுக்கும் சோதனை எழுதிப் பாருங்கள். எது தவறுகிறதோ அதுதான் உங்கள் முதல் பிழை அறிக்கை. இதற்கு இயந்திரக் கற்றல் தெரிய வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும். சொற்பிழை திருத்தி, சொல் உடைப்பு, அகரவரிசைப்படுத்தல் எல்லாவற்றிலும் இத்தகைய வேலை கிடக்கிறது. லிப்ரே ஒஃபிஸ், விக்கிமீடியா இரண்டும் ஜீசொக்கில் பலமுறை பங்கேற்ற அமைப்புகள். சுதந்திர மலையாளக் கணிமை அமைப்பு 2013இல் ஜீசொக் அமைப்பாகவே தெரிவாகி மலையாளத்துக்கான வேலைகளைச் செய்வித்தது. தமிழுக்கும் அப்படி ஒரு குழு நின்று நிலைக்க வேண்டும் என்பது எங்கள் மிகப் பெரிய ஆசை.

பிடித்த மென்பொருளை உங்கள் கணினியில் கட்டுவது, அதாவது மூலநிரலிலிருந்து ஓடக்கூடியதாக ஆக்குவதுதான் அடுத்த படி. அதிகமானோர் இங்கேதான் கைவிடுகிறார்கள், காரணம் பெரும்பாலும் அறிவுக் குறைவல்ல, கருவிதான். களஞ்சியத்தைப் பிரதி எடுக்கும் கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து இறக்கும். கைபேசி இணைப்பில் பெரிய களஞ்சியத்தை முழுதாக இறக்க முயன்று டேட்டாவை வீணாக்காதீர்கள். ஆழம் 1 என்று கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் இறக்கி, பிறகு ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒரு வரியை யார் எப்போது மாற்றினார் என்று பார்க்கும் பிளேம் கட்டளை, ஆழம் குறைந்த பிரதியில் தவறான விடை தரும் என்பதை மறக்க வேண்டாம். கோப்பு உள்ளடக்கத்தை விட்டு வரலாற்றை மட்டும் முதலில் எடுக்கும் பிளொப்லெஸ் குளோன் இதற்கு நல்ல நடுவழி.

8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் லிப்ரே ஒஃபிஸ், எல்எல்விஎம் போன்ற பெரிய மென்பொருள்களைக் கட்டும்போது, எட்டு வேலையை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் துண்டுகளை ஒன்றாகப் பொருத்தும் லிங்க் கட்டத்தில் ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். நிரலில் பிழை என்று எண்ணி நாட்கணக்கில் தேட வேண்டாம், ராம் முடிந்துவிட்டது. ஒரே நேர வேலைகளை இரண்டாகக் குறையுங்கள், பிழை தேட உதவும் டீபக் தகவலைக் கழற்றுங்கள், ராம் போதாதபோது கைகொடுக்க வட்டில் ஸ்வொப் இடம் ஒதுக்குங்கள். முன்பு கட்டியதைச் சேமித்து வைக்கும் சிகேஷ் என்ற கருவியை நிறுவினால் முதல் தடவை பல மணித்தியாலம் எடுத்தது இரண்டாம் தடவை கெதியாக முடியும். கட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், கட்டும் கருவியான மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் சிதைந்திருக்கலாம். விளங்காத லிங்க் பிழை வந்தால் கடைசியாகத் தோன்றிய ஒப்ஜெக்ட் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். இவ்வளவுக்கும் வசதியில்லாதவர், பைதன் அல்லது ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட அமைப்பைத் தேர்வது எந்த வகையிலும் குறைவல்ல.

உயர்தரம்வரை தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு ஆங்கிலத்தில் பொதுவெளியில் கேள்வி கேட்பது பெரிய தயக்கம். அழகான ஆங்கிலம் அங்கே யாருக்கும் தேவையில்லை. இயங்குதளமும் பதிப்பும், நிரலின் எந்தக் கொமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நிற்கிறீர்கள், ஓட்டிய கட்டளை, வந்த பிழைச்செய்தி முழுதாக, இதுவரை முயன்றது. இந்த ஐந்தும் இருந்தால் இலக்கணப் பிழையோடு கேட்டாலும் பதில் வரும். இவை இல்லாமல் ‘உங்கள் அமைப்பில் சேர ஆர்வமாக இருக்கிறேன், எங்கே தொடங்குவது’ என்று எழுதினால் பதில் வராது. அன்று அதே வசனத்தை அவர்கள் ஐம்பது பேரிடமிருந்து வாசித்திருப்பார்கள். வழிகாட்டிக்குத் தனிச்செய்தி அனுப்புவதும் வேண்டாம். பொதுவில் கேட்டால் விடை மற்றவருக்கும் உதவும், உங்கள் பெயரும் அவர்களுக்குப் பழகும்.

‘இந்த இஷ்யூவை (பதிவான பிழையை அல்லது வேலையை) எனக்குத் தாருங்கள்’ என்று எழுதிவிட்டுக் காணாமற்போவது அவர்களை மிகவும் நோகடிக்கும் பழக்கம். ஓர் இஷ்யூவை எடுத்தால் முடியுங்கள், முடியாவிட்டால் எதுவரை பார்த்தீர்கள் என்று எழுதிவிட்டு விடுங்கள். லிப்ரே ஒஃபிஸில் புதியவர்களுக்கென்று ஈஸி ஹாக்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. திருத்தம் ஜெரிட் என்ற மறுபார்வைத் தளம் வழியாகப் போகும், அதற்குமுன் உரிமக் கூற்று ஒன்றை அவர்களுடைய அஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால் நல்ல திருத்தமும் உள்ளே போகாமல் நிற்கும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த நிரலை வாசிக்காமல் அனுப்புகிறவர் மறுபார்வையின் முதல் கேள்வியிலேயே சிக்குவார்: ‘இந்த வரி ஏன்?’

பெப்ரவரி பிற்பகுதியில் அமைப்புகளின் பட்டியல் வரும். மார்ச் நடுவிலோ பிற்பகுதியிலோ விண்ணப்பம் திறந்து மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ மூடும். மூன்று வரை அனுப்பலாம், தெரிவாவது ஒன்றுக்குத்தான். பிடிஎஃப் ஆகப் பதிவேற்ற வேண்டும். முடிவு நேரம் உலகப் பொதுநேரம் மாலை 6 மணி, அதாவது யாழ்ப்பாணத்தில் இரவு 11.30. அந்த நிமிடத்துக்குப் பிறகு எந்தக் காரணமும் எடுபடாது. மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பிக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். முதல் வரைவை ஒரு கிழமைக்கு முன்னே பதிவேற்றினால், இறுதி நேரம்வரை மாற்றிக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் சுயபுராணத்துக்கு அரைப் பக்கம் போதும். மீதிப் பக்கங்களில் எந்தக் கோப்பில் எந்தச் செயற்கூற்றை மாற்றப்போகிறீர்கள், எதைச் சோதிப்பீர்கள், எது பிழைத்தால் எதை விடுவீர்கள் என்று எழுதுங்கள். கிழமை வாரியான அட்டவணையில் பல்கலைக்கழகப் பரீட்சைக் காலத்தை மறைக்காமல் போடுங்கள். நடுத்தர, பெரிய வேலைகள் வழமையாக 12 கிழமை. வழிகாட்டி சம்மதித்தால் 22 கிழமைவரை நீட்டலாம். பரீட்சையை மறைத்து 12 கிழமை என்று எழுதியவர்கள்தான் இடைக்காலத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

ஏப்ரல் இறுதியிலோ மே முற்பகுதியிலோ தெரிவு வரும், மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ வேலை தொடங்கும். இடைக்கால மதிப்பீடு ஜூலையில். அதையடுத்து நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாள் ஊரே வேறு ஓட்டத்தில் இருக்கும். இறுதிக் கட்ட வேலை அந்த நாட்களோடுதான் பொருந்தி வரும். அட்டவணையில் அதற்கும் இடம் விடுங்கள், வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் அவர்கள் மதிப்பார்கள். ஜேர்மனியில் இருப்பவருடன் கதைப்பது சுலபம், கோடையில் அங்கே காலை 9 மணி என்றால் இங்கே பகல் 12.30. கலிபோர்னியா என்றால் அவருடைய காலை 9 உங்களுக்கு இரவு 9.30. பங்களிப்பாளர் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவத்துக்கும் அதே 11.30 கெடுதான், நல்ல வேலை செய்தும் படிவத்தை மறந்தால் தோல்வி.

காசு பேயோனியர் என்ற இணையவழிப் பணச் சேவை வழியாக வரும். இங்கே நம்மவருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பெயர். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், வங்கிக் கணக்கில் முதலெழுத்துகள் மட்டும், கடவுச்சீட்டில் விரித்த பெயர் என்று ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதம். பேயோனியர் கணக்கு, அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் பொருந்தாவிட்டால் சரிபார்ப்பில் நிற்கும். தெரிவு வந்த பிறகு ஓடாமல், ஏப்ரலிலேயே வங்கியில் முழுப்பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். ரூபாயாக மாற்றி எடுக்கும்போது நாணய மாற்றில் ஒரு பகுதி குறையும், அதையும் கணக்கில் சேருங்கள்.

இந்தத் திட்டத்தின் முதல் பத்தாண்டில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2003இல் தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற திறமூல அமைப்பைச் சுற்றி, அப்பாச்சி என்ற உலகளாவிய திறமூல அமைப்பின் திட்டங்களில் வேலை செய்த இலங்கையர் இருந்தார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சில நாட்களிலேயே சகானா என்ற அனர்த்த உதவி மென்பொருள் இங்கே எழுதப்பட்டது; காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்யக் கருவி தேவை என்ற அவசரம்தான் அதன் முதல் உந்துதல். ஆக, வழிகாட்டக்கூடிய ஆள் பக்கத்து மேசையில் இருந்தார். ஒரு சீனியர் தெரிவானார், அடுத்த ஆண்டு மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்தார், அப்படியே சங்கிலி நீண்டது. வடக்கில் திறமை இருக்கிறது, குறைவது அந்தச் சங்கிலி. தெரிவான ஒருவர் தன் விண்ணப்பத்தையும், நிராகரிக்கப்பட்ட திருத்தங்களையும், மறுபார்வையில் வாங்கிய கண்டிப்பையும் அடுத்த அணிக்குத் திறந்து காட்டினாலே போதும். யாழ் ஐரி ஹப் போன்ற தொழில்நுட்பக் கூடல்களில் ஒரு பின்னேரம் இதற்கு ஒதுக்கினால் எந்தச் செலவுமில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே வேலைக்கு நாட்டைப் பார்த்து வேறு வேறு தொகை என்பது எங்களுக்கு ஏற்புடையதல்ல. பெரிய வேலையில் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மடிக்கணினியின் விலை யாழ்ப்பாணத்தில் பாதியாகிவிடுவதில்லை. அவுட்ரீச்சி என்ற இன்னொரு திறமூலத் திட்டம் எல்லா நாட்டவருக்கும் ஒரே 7,000 டொலர் கொடுக்கிறது; தொழில்நுட்பத் துறையில் புறந்தள்ளப்பட்டவர்களுக்கென்ற திட்டம், ஆண்டுக்கு இரண்டு சுற்று. தகுதியுள்ளவர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஜீசொக்குக்கு முன் அதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது குறை, ஜீசொக் நிரலுக்கு மட்டும்தான். ஆவணம் எழுதுவதும் மொழிபெயர்ப்பும் தனியாக ஏற்கப்படுவதில்லை. தமிழ் இடைமுகம் பாதியில் நிற்கும் மென்பொருள்களுக்கு இதனால் நேரடிப் பயன் குறைவு.

மூன்றாவதுதான் பெரிது. காசு நின்றதும் பலர் போய்விடுகிறார்கள். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் பங்கேற்கவும் முடியாது. பரிசு கொடுத்து ஆள் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒக்ரோபர் மாதத்தில் திறமூலத் திருத்தங்களுக்குப் பரிசு தந்த ஹக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு 2020இல் பட்டது சாட்சி. நான்கு திருத்தம் அனுப்பினால் ரீ-சேர்ட் என்றதும், வாசிப்புக் கோப்பில் ஒரு சொல் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். பராமரிப்பாளர்கள் நொந்துபோக, அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றி, விரும்பிச் சேர்ந்த களஞ்சியங்களுக்கு மட்டும் என்று ஆக்க வேண்டியதாயிற்று. ஜீசொக் அந்தக் குழியில் விழாமல் நிற்பது, தெரிவு வழிகாட்டியின் கையில் இருப்பதாலும், எண்ணிக்கைக்கு அல்லாமல் ஒரு கோடைகால வேலைக்குக் காசு போவதாலும்தான். ஆனாலும் நவம்பருக்குப் பிறகு ஆளை நிற்க வைக்க அதனிடம் எதுவும் இல்லை. நிற்கிறவர் தான் பாவிக்கும் மென்பொருளைப் பிடித்தவராகத்தான் பெரும்பாலும் இருக்கிறார்.

எங்கள் புள்ளிகள்: கற்றலுக்கு பத்துக்கு ஒன்பது, ஏனென்றால் அனுபவசாலி ஒருவர் மாதக்கணக்கில் உங்கள் நிரலைத் திருத்துவது எந்த ரியூசனிலும் கிடைக்காது. வேலை தேடும்போது கைகொடுப்பதற்கு எட்டு. வருமானத்துக்கு நான்கு. தமிழ்க் கணிமைக்கு இப்போதைக்கு மூன்று.

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர் இதைப் போட்டுப் பார்க்கலாம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்தோடு சேர்த்துச் சுமக்க வேண்டாம். ஒக்ரோபரில் ஒரு மென்பொருள், நவம்பருக்குள் அதைக் கட்டி முடித்தல், பொங்கலுக்கு முன் ஏற்கப்பட்ட இரண்டு சிறிய திருத்தம், பெப்ரவரியில் அமைப்பின் யோசனைப் பட்டியலோடு உங்கள் எரிச்சலைப் பொருத்திப் பார்த்தல். அந்த அமைப்பு அவ்வாண்டு தெரிவாகாவிட்டாலும் திருத்தங்களை நிறுத்த வேண்டாம், பல அமைப்புகள் ஓர் ஆண்டு விட்டு அடுத்த ஆண்டு திரும்பி வருகின்றன.